கிளாஸ் ஃபோர் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கப்பலில் ஜூனியர் இன்ஜினியராக இருந்துவிட்டு எம்.இ.ஓ. கிளாஸ் ஃபோர் என்ற கப்பல் இன்ஜினியர் அதிகாரித் தகுதித் தேர்வுக்குத் தயாராகும் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். புதுச்சேரியில் ஒரு பயிற்சி மையத்தில் 38,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். பணம் போனதைவிட, அங்கே கொடுத்த நோட்ஸில் இருந்த ஒரு குறைதான் இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

சேரும்போது, ஓய்வுபெற்ற சீஃப் இன்ஜினியர் ஒருவர் நாள்தோறும் பாடம் நடத்துவார் என்று சொல்லி, சுவரில் மாட்டியிருந்த டி.ஜி. ஷிப்பிங் (கப்பல் துறையை நெறிப்படுத்தும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகாரச் சான்றிதழைக் காட்டினார்கள். அது வேறோர் ஊரிலுள்ள வேறொரு நிறுவனத்துக்கு, அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிக்காக வழங்கப்பட்டது என்பதை நான் பிறகுதான் படித்தறிந்தேன். கடலூர் முதுநகரிலிருந்து ஆறு வாரம் பேருந்தில் போய்வந்ததில், அந்த சீஃப் இன்ஜினியரைப் பார்த்தது இரண்டே ஞாயிற்றுக்கிழமைகள். மற்ற நாட்களில் கப்பலில் கால் வைத்திராத ஒருவர் நோட்ஸை உரக்க வாசிப்பார்.

அந்த நோட்ஸ் ஜெராக்ஸை வைத்து எடுத்த ஜெராக்ஸ். பல பக்கங்களில் கடைசி இரண்டு வரிகள் விழவே இல்லை. இன்ஜினுக்குள் எண்ணெய்ப் புகை சேர்வதைக் கண்டறியும் ஆயில் மிஸ்ட் டிடெக்டர் அலாரம் அடித்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கான விடை, "வேகத்தைக் குறைத்து இன்ஜினை நிறுத்தவும்" என்று ஒரு பக்கத்தின் அடியில் முடிந்து, அடுத்த பக்கத்தில் "கிராங்க்கேஸ் கதவுகளைத் திறந்து ஹாட் ஸ்பாட்டைக் கண்டறியவும்" என்று தொடங்கியது. கிராங்க்கேஸ் என்பது இன்ஜினின் கிராங்க் தண்டு சுழலும் அடிப்பெட்டி; ஹாட் ஸ்பாட் என்பது அதனுள் அளவுக்கு மீறிச் சூடான இடம். நான் பணியாற்றிய கப்பலில் அப்படியோர் அலாரம் வந்ததில்லை. ஆகவே, இருந்தபடியே மனப்பாடம் செய்து, தேர்வு நடத்தும் சென்னை எம்.எம்.டி. அலுவலகத்தில் ஓரல் என்ற வாய்மொழித் தேர்வின்போது அப்படியே ஒப்பித்தேன்.

தேர்வாளரான சர்வேயர் பேனாவைக் கீழே வைத்தார். "நிறுத்தியவுடன் திறப்பாயா, தம்பி? உன்னோடு எத்தனை பேர் போவார்கள்?" என்று கேட்டார். சூடான பாகத்தால் எழுந்த எண்ணெய்ப் புகை நிறைந்திருக்கும்போது கதவைத் திறந்தால், வெளிக்காற்று உள்ளே புகுந்து வெடிக்கும் என்பதால், இன்ஜின் குளிர்வதற்குக் குறைந்தது இருபது நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அதுவரை கதவுகளுக்கு அருகில் யாரும் நிற்கவே கூடாது. ஜெராக்ஸில் விழாமல் போனவை அந்த வரிகள்தாம். 1947இல் ரெய்னா டெல் பசிபிகோ கப்பலில் கிராங்க்கேஸ் வெடித்து 28 பேர் இறந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார். அன்று நான் தேறவில்லை. அவர் செய்தது முற்றிலும் நியாயம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைக் காட்டச் சொன்னார்கள். அதில் பயிற்சிக் கட்டணம் என்ற சொல்லே இல்லை, "புத்தகம் மற்றும் எழுதுபொருள்" என்றுதான் இருந்தது. புத்தகம்தான் கொடுத்துவிட்டோமே என்று முடித்துக்கொண்டார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நீங்கள் சேருவதற்கு முன், டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தின் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரும், சேரப்போகும் பயிற்சியின் பெயரும், ஊரும் ஒருசேர இருக்கின்றனவா என்று பாருங்கள். ரசீதில் எதற்கான பணம் என்பதைப் படித்த பிறகே கையைவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் திரும்பிவிடுங்கள்.

போன வாரம் எங்கள் தெருவிலேயே ஒரு பையன், அதே மையத்தின் புதிய பேட்சில் சேர்ந்து, அதே நோட்ஸோடு வந்தான். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அடிவரிகள் இன்னும் இல்லை. ஓரத்து வெற்றிடத்தில் பேனாவால் நானே எழுதிக்கொடுத்தேன்.