கல்லீரல் தழும்பு: மாத்திரையா, செல் சிகிச்சையா?

பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்கு எடுத்துச் செல்லும் மருத்துவக் கோப்புகளில் இப்போது, ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் அறிக்கையும் இருக்கிறது. அதில் 11 கிலோபாஸ்கல் என்று கண்டதுமே, "ஸ்டெம் செல் (பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) போட்டால் ஈரல் புதிதாக வளருமாமே" என்ற கேள்வி எழுகிறது. (சாப்பிட்ட கையோடு எடுத்தால் அந்த எண் கூடிக் காட்டும், குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும்.)

மதுவாலோ கொழுப்பாலோ ஹெபடைடிஸ் பி வைரஸாலோ ஈரல் தொடர்ந்து காயப்படும்போது, அதிலுள்ள ஸ்டெல்லேட் செல்கள் தூண்டப்பட்டுக் கொலாஜன் நாரைச் சுரந்துகொண்டே இருக்கின்றன; அது படிவதே தழும்பு. காயத்தை நிறுத்துவது ஒரு வழி, படிந்த நாரைக் கரைப்பது மறு வழி.

முதல் வழிக்கே சான்று அதிகம். ஹெபடைடிஸ் பி-க்கு, வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை எடுத்துக்கொண்டவர்களில், தொடக்கத்தில் சிரோசிஸ் (தழும்பு முற்றிய நிலை) இருந்த 96 பேரில் 71 பேருக்கு ஐந்தாண்டுகளில் அது பின்வாங்கியிருந்ததாக 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. கொழுப்பு ஈரலுக்கு 2024-இல் அமெரிக்க அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம், 52 வாரங்களில் ஏறத்தாழ 26 சதவீதத்தினருக்குத் தழும்பை ஒரு படியேனும் குறைத்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 14 சதவீதம். 2025-இல் அனுமதி பெற்ற செமாக்ளுடைடு ஊசிக்கு 72 வாரங்களில் அது 37 சதவீதம், வெற்று ஊசிக்கு 22. இரண்டும் வெவ்வேறு சோதனைகள் என்பதால் நேருக்கு நேர் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் சர்க்கரையும் உடல் எடையும் கூடியவருக்குச் செமாக்ளுடைடே பொருத்தம் என்பேன். இரண்டுமே சிரோசிஸுக்கு முந்தைய எஃப்2, எஃப்3 என்னும் தழும்பு நிலைகளுக்கு உரியவை. கள்ளுக்கடையால் வந்த ஈரல் நோய்க்கு இவை எதுவும் மாற்றல்ல; குடியை நிறுத்துவதே அங்கு மருந்து.

செல் சிகிச்சைகளோ ஒரே தரத்தவை அல்ல. பிரிட்டனில் 81 சிரோசிஸ் நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளியான சோதனையில், ஸ்டெம் செல்லைத் தூண்டும் ஊசியும் செல் ஏற்றலும் ஈரலின் செயல்பாட்டையோ தழும்பையோ மேம்படுத்தவில்லை. எடின்பரோ குழுவின் வழி வேறு: நோயாளியின் இரத்தத்திலிருந்தே வெள்ளணுக்களைப் பிரித்து, நாரை அரிக்கும் மேக்ரோஃபேஜ்களாக வளர்த்துத் திரும்ப ஏற்றுகிறார்கள். இரண்டாம் கட்டச் சோதனையின் முதன்மை அளவீட்டில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. எனினும் கடுமையான ஈரல் சிக்கல்கள் சிகிச்சை பெறாத குழுவில்தான் தோன்றின. இது நம்பிக்கை தருகிறது, ஆனால் காசு கொடுத்து வாங்கும் நிலையில் இல்லை. ஸ்டெம் செல் என்று பெயர் சொல்லி லட்சங்கள் கேட்கும் இடங்களிடம், எந்தச் சோதனைப் பதிவின் கீழ் செய்கிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

வயிற்றில் நீர் கோத்து, மஞ்சள் காமாலையும் சேர்ந்துவிட்டால் இந்த ஒப்பீடே பொருந்தாது. அப்போது உறுப்பு மாற்று பற்றித்தான் பேச வேண்டும். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்குக் கேரளமும் தமிழ்நாடும் தனித்தனிக் காத்திருப்புப் பட்டியல் வைத்திருப்பதால், எல்லையோரக் குடும்பங்கள் எந்தப் பக்கம் பதிவது என்பதை மருத்துவக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு முடிவு செய்வது நல்லது.