எந்த ஃபைல் எந்த ஃபோல்டரில்? சின்னத் தளத்துக்கு நான்கு வழிகள்

சொந்தமாக ஒரு சின்ன இணையதளம். முகப்பு, என்னைப் பற்றி என்று ஒரு பக்கம், எழுதியவை பத்துப் பன்னிரண்டு, கொஞ்சம் படங்கள். வேர்ட்பிரஸ் போலத் தளத்தை நிர்வகித்துத் தரும் மென்பொருள் எதுவும் கிடையாது. பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் கையால் எழுதியதை, தளத்தை இணையத்தில் வழங்கும் கணினியான சர்வரில் அப்படியே ஏற்றுகிறோம், அவ்வளவுதான். இதற்குப் போய் ஃபோல்டர் பிரிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டுமா என்றுதான் முதலில் தோன்றும்.

யோசிக்க வேண்டியிருக்கிறது. கணினியில் கிடக்கும் ஒரு கடிதத்தை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தளத்தில் மாற்றினால் அந்தப் பக்கத்தின் முகவரியே மாறிவிடும். முன்பு அதற்கு லிங்க் கொடுத்தவர், புக்மார்க் செய்தவர், தேடுபொறி என எல்லோருக்கும் ‘பக்கம் இல்லை’ என்ற 404 பிழைதான் கிடைக்கும். முகவரிகளை மாற்றாதீர்கள் என்று, வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதனால் நான்கு வழிகளையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: இரண்டு வருஷம் கழித்து ஒரு பக்கத்தைத் திருத்தவோ நீக்கவோ வரும்போது எது என்னைக் குறைவாகப் படுத்தும்?

எல்லாம் ஒரே இடத்தில்

ஃபோல்டரே வேண்டாம் என்பது முதல் வழி. இதைக் கேலி செய்பவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். லிங்க் கொடுக்க ஃபைலின் பெயர் மட்டும் போதும், எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டர் என்று எழுதும் பாதை என்ற தலைவலியே இல்லை. கணினியில் டபுள் கிளிக் செய்து திறந்தாலும் சரி, சர்வரில் எந்த மூலையில் போட்டாலும் சரி, எல்லா லிங்கும் வேலை செய்யும். பதினைந்து இருபது ஃபைல் வரை இதைவிட நிம்மதியான ஏற்பாடு கிடையாது.

படங்கள் வந்ததும் கதை மாறும். கேமரா வைத்த எண்களோடு நாற்பது படங்கள் உள்ளே வந்தால், நடுவில் இருக்கும் ஆறு பக்கங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். புதிய படம் ஒன்று பழைய படத்தின் பெயரிலேயே வந்து அதன் மேல் உட்கார்ந்துவிடுவதும் நடக்கும்.

வகை வாரியாக

படங்களுக்கு ஒன்று, பக்கத்தின் அலங்காரத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸுக்கு ஒன்று, பக்கத்தில் ஓடும் நிரல்களான ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஒன்று. ஆரம்பப் பாடங்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்லித் தருகின்றன. சிஎஸ்எஸ் விஷயத்தில் அது சரிதான். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அலங்காரம் என்பதால் அது பொது இடத்தில் இருப்பதுதான் நியாயம்.

படங்களுக்கு இதே ஏற்பாடு ஒத்துவராது என்பது பட்டுத் தெரிந்தது. என் பழைய தளத்தில் படங்களுக்கான ஃபோல்டரில் முந்நூறுக்கும் மேல் சேர்ந்துவிட்டது. ஒரு பயணக் கட்டுரையை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எச்டிஎம்எல்லை நீக்க ஒரு நொடி. அதன் படங்கள் எவை? ‘கடல்2’ அந்தக் கட்டுரையுடையதா, வேறு பக்கத்திலும் வருகிறதா? ஒவ்வொரு பெயரையும் எல்லா ஃபைல்களிலும் தேடிப் பார்த்து, கடைசியில் பயந்துபோய் எதையும் நீக்காமல் விட்டேன். ஒரு படம் படம்தான் என்பது கணினியின் பார்வை. எனக்கு அது அந்தப் பயணத்தின் படம்.

பக்கத்துக்கு ஒரு ஃபோல்டர்

மூன்றாவது வழியில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி ஃபோல்டர். உள்ளே இன்டெக்ஸ் என்ற பெயரில் எச்டிஎம்எல், பக்கத்திலேயே அதன் படங்கள். ஃபோல்டரின் முகவரியைக் கேட்டால் சர்வர் உள்ளே இருக்கும் இன்டெக்ஸைத் தானாக எடுத்துக் கொடுத்துவிடும். அதனால் முகவரி ஒரு சாய்கோட்டில் முடிந்துவிடுகிறது, எச்டிஎம்எல் என்ற வால் வெளியே தெரிவதில்லை. நாளைக்கு அந்தப் பக்கத்தை வேறு தொழில்நுட்பத்தில் எழுதினாலும் முகவரி அப்படியே நிற்கும். ஹ்யூகோ போன்ற தளம் உருவாக்கும் கருவிகளும் இந்த முறைக்கு இடம் வைத்திருக்கின்றன.

மேலே சொன்ன பயணக் கட்டுரையை இப்போது நீக்கிப் பாருங்கள். ஒரு ஃபோல்டர், ஒரு டெலீட், முடிந்தது.

தொல்லை இல்லாமல் இல்லை. எடிட்டரில் எட்டு ஃபைல் திறந்தால் எட்டுக்கும் பெயர் இன்டெக்ஸ். இன்னொன்று: ஃபோல்டருக்குக் கொடுத்த லிங்க், கணினியில் நேரடியாகத் திறக்கும்போது பக்கத்தைக் காட்டாது. ஃபைல்களின் பட்டியலைத்தான் காட்டும், ஏனென்றால் இன்டெக்ஸைத் தேடித் தருவது சர்வரின் வேலை. கணினியில் பைத்தான் என்ற நிரல்மொழி இருந்தால் அதிலேயே ஒரு சின்ன சர்வர் உண்டு. ஒரே வரியில் ஓட்டி, 8000 என்ற போர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

தேதி வாரியாக

வருஷம், அதற்குள் மாதம். வேர்ட்பிரஸ்ஸும் ஏற்றும் படங்களை இயல்பாக இப்படித்தான் அடுக்குகிறது. பெர்னர்ஸ்-லீயும் அந்தக் கட்டுரையில் தேதியை ஆதரிக்கிறார்: தலைப்பும் பிரிவும் மாறலாம், எழுதிய நாள் மாறாது. நாட்குறிப்பு போல எழுதுபவருக்கு இது நல்ல வழி. மற்றவர்களுக்கு? எழுதியது எந்த வருஷம் என்று நினைவில்லாமல் ஐந்து ஃபோல்டரைத் திறந்து பார்ப்பதுதான் மிச்சம்.

நான் மூன்றாவதோடு நின்றுவிட்டேன், முதலாவதையும் இரண்டாவதையும் கொஞ்சம் கலந்துகொண்டு. முகப்பும், பிரவுசர் டேபில் தெரியும் சின்னப் படமான ஃபேவ்ஐகானும் மேல்மட்டத்தில். எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபாட்ஸ் ஃபைல் வைத்தால் அதுவும் அங்கேதான், வேறு இடத்தில் வைத்தால் தேடுபொறி அதைப் பார்க்கவே பார்க்காது. சிஎஸ்எஸ், எல்லாப் பக்கத்திலும் வரும் லோகோ போன்றவற்றுக்கு ஒரு பொது ஃபோல்டர். மற்றதெல்லாம் அந்தந்தப் பக்கத்தோடு. வரைவுகளும், சுருக்காத மூலப் படங்களும் சர்வருக்குப் போகும் ஃபோல்டருக்குள் வரவே கூடாது. லிங்க் கொடுக்காவிட்டாலும், பெயரைச் சரியாக அடித்தால் யாரும் திறக்கலாம்.

பாதையை எழுதுவதிலும் ஒரு போட்டி உண்டு. இரண்டு புள்ளியும் சாய்கோடும் (../) போட்டு ஒரு படி மேலே போகச் சொல்லலாம், அல்லது சாய்கோட்டில் தொடங்கித் தளத்தின் வேரிலிருந்து சொல்லலாம். வேரிலிருந்து எழுதினால் பக்கத்தை எங்கே நகர்த்தினாலும் சிஎஸ்எஸ் கிடைக்கும். ஆனால் தளமே ஒரு துணை ஃபோல்டரில் இருந்தால் மொத்தமும் உடையும். கிட்ஹப் பேஜஸ் என்ற தள வசதியில் ஒரு ப்ராஜெக்ட்டுக்கான தளம் வைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான், அங்கே முகவரியில் ப்ராஜெக்ட்டின் பெயர் முன்னால் வந்து நிற்கும். சொந்த டொமைன் என்றால் வேரிலிருந்து எழுதுங்கள். பக்கத்தின் சொந்தப் படங்களுக்கு வெறும் பெயரே போதும்.

அப்புறம் பெயர்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் இது தப்பாகப் போனால் எல்லாம் போச்சு. விண்டோஸிலும் மேக்கிலும் வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. லினக்ஸ் சர்வர் பார்க்கும். கேமரா, படத்தின் பெயரில் கடைசியில் வரும் ஜேபிஜி என்பதைப் பெரிய எழுத்தில் வைத்திருக்க, நீங்கள் சின்ன எழுத்தில் லிங்க் கொடுத்தால், உங்கள் கணினியில் படம் பளிச்சென்று தெரியும், ஏற்றிய பிறகு காணாமல் போகும். எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் வைத்து, இடைவெளிக்குப் பதில் நடுக்கோடு போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தமிழில் பெயர் வைக்கலாமா? வைக்கலாம், வேலை செய்யும். முகவரிப் பட்டையில் அழகாகவும் தெரியும். ஆனால் காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டும்போது பெரும்பாலும் அதன் சுயரூபம் வெளியே வரும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் சதவீதக் குறியோடு 3 எழுத்து. ‘கவிதை’ என்பதில் கொம்பு, விசிறியோடு சேர்த்து 5 குறியீடுகள், ஆக 45 எழுத்து. மூன்று வார்த்தைத் தலைப்பு எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் தலைப்பைத் தமிழில் வைத்து, ஃபோல்டருக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னப் பெயர் வைக்கிறேன்.

ஏற்கெனவே வேறு மாதிரி அடுக்கியிருந்தால், ஒரே நாளில் எல்லாவற்றையும் கலைக்காதீர்கள். பழையவை பழைய இடத்திலேயே இருக்கட்டும், அடுத்து எழுதுவதிலிருந்து புதிய முறை. நகர்த்தியே ஆக வேண்டிய பக்கத்துக்குச் சர்வரில் 301 திசைமாற்றம் (பழைய முகவரியைக் கேட்பவரைத் தானாகப் புதியதற்கு அனுப்புவது) வைக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால், பழைய பெயரில் புது முகவரியைச் சொல்லும் நாலு வரி எச்டிஎம்எல் ஒன்றை விட்டு வையுங்கள்.