மழைனு போட்டா அடைமழை வரணும்ல! பெயரடை தேடித் தர்ற ஆப், ரெண்டு மாச அனுபவம்

ரெண்டு மாசமா ஒரு ஆப் யூஸ் பண்றேன், ஒரு பெயர்ச்சொல்லை டைப் பண்ணா அதுக்கு முன்னாடி போடக்கூடிய வார்த்தைங்கள வரிசையா காட்டும், குரல்னு போட்டா என்னென்ன குரல், சிரிப்புனு போட்டா என்னென்ன சிரிப்பு. பேர் வேணாம், வேலை எப்படி செய்யுதுனு மட்டும் சொல்றேன். தினமும் கதை, ஸ்கிரிப்ட்னு எழுதற ஆளு நான், அதனால கொஞ்சம் நீளமாவே வரும்.

அகராதில பாத்தா போதாதானு கேப்பீங்க. அங்க தான் சிக்கல். சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன் 1924லேர்ந்து 1936க்குள்ள 6 தொகுதியா வந்தது, லட்சத்துக்கு மேல சொல் இருக்கற பெரிய வேலை, ஆனா எந்த அகராதியா இருந்தாலும் அகர வரிசை தானே, காரிருள் வேணும்னா 'கா'வுக்குப் போகணும், கும்மிருட்டுக்கு 'கு', மையிருட்டுக்கு 'மை'. அந்த வார்த்தை ஏற்கனவே தெரிஞ்சவங்களுக்குத் தான் அது அங்க இருக்கறதே தெரியும். எழுதறப்ப நம்ம கைல இருக்கறது 'இருட்டு' மட்டும் தான், அதுக்கு முன்னாடி என்னங்கறது தான் தெரியல. பின்னாடிலேர்ந்து முன்னாடி தேடற வசதி உண்மையாவே வேணும், அதைச் செய்ய ஒருத்தர் முயற்சி பண்ணிருக்கார்ங்கறதே எனக்கு சந்தோஷம்.

நல்லது முதல்ல. போன வாரம் ஒரு சீன் எழுதிட்டிருந்தேன், ஒரு பொண்ணு வீட்டை விட்டுக் கிளம்பறா, வாசல்ல நின்னு "போயிட்டு வரேன்"னு சொல்றா. எப்படிப்பட்ட குரல்லனு ஒரு வார்த்தை வேணும். நான் முதல்ல போட்டிருந்தது 'சோகமான குரல்', படிக்கறப்பவே உயிர் இல்ல. ஆப்ல குரல்னு போட்டேன், இனிமையான, மென்மையான, உரத்தனு வழக்கமானது முதல்ல வந்துச்சு, கீழ ஸ்க்ரோல் பண்ணா தழுதழுத்த, கரகரத்த, கம்மிய, உடைந்தனு வரிசையா நிக்குது. தழுதழுத்தனா அழுகை இப்ப தான் தொண்டைக்கு வருதுனு அர்த்தம், பேசிட்டிருக்கப்பவே உடையுது. கம்மியனா அழுகை முடிஞ்சாச்சு, ராத்திரி முழுக்க அழுது மூஞ்சி கழுவிட்டு வந்து நிக்கறா, தொண்டை மட்டும் இன்னும் அடைச்சிருக்கு. எனக்கு வேண்டியது அது தான். 'கம்மிய குரலில்'னு போட்டதும் அவ அழுதானு எழுதின ரெண்டு வரி தேவையில்லாம போச்சு, அடிச்சிட்டேன். இந்த ஒரு நாளுக்காகவே ஆப்பை போன்லேர்ந்து எடுக்க மாட்டேன்.

இப்ப குறை. மழைனு போட்டா முதல் அஞ்சு ரிசல்ட் என்ன தெரியுமா, ஒரு, இந்த, பெய்த, வந்த, நல்ல. பெய்த மழை! மழை பெய்யாம வேற என்ன செய்யும். இது ஏன்னு கொஞ்சம் யோசிச்சா புரியுது, நிறைய எழுத்தை எடுத்து, 'மழை'க்கு முன்னாடி இடைவெளி விட்டு எந்த வார்த்தை அதிகமா வருதுனு எண்ணிருக்காங்க போல. தமிழ்ல அது வேலைக்கு ஆகாது, ஏன்னா நம்ம சிறந்த பெயரடைங்கள்ல பலது இடைவெளி விட்டு நிக்கறதே இல்ல, போய் ஒட்டிக்கும். அடைமழை, கனமழை, பெருமழைனு எல்லாம் ஒரே வார்த்தையா எழுதறோம், அதனால எண்ணற மெஷின் கண்ணுல படவே இல்ல. அதுக்குப் பதிலா 'கனமான மழை'னு ஒண்ணு வருது. கனமழை சரி, கனமான மழைனு யாராச்சும் சொல்லி கேட்டிருக்கீங்களா?

ஒட்டறதுலயும் விதி இருக்குல்ல. பெருமைங்கற பண்பு உயிரெழுத்துக்கு முன்னாடி பேர்னு ஆகும், பேரன்பு, பேராசை, பேரிரைச்சல். மெய்க்கு முன்னாடி பெரு, பெருமூச்சு, பெருங்கூட்டம், பெருந்துயரம். சிறுமையும் அப்படித் தான், சிறுகதை, ஆனா சிற்றோடை. ஆப்போ 'பெரிய அன்பு', 'பெரிய துயரம்'னு எல்லாத்துக்கும் 'பெரிய'வ தூக்கிட்டு வருது. பெரிய அன்புக்கும் பேரன்புக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு தமிழ் பேசற குழந்தைக்கும் தெரியும். நன்னூல், 13ஆம் நூற்றாண்டு இலக்கணம், அதுல மிகுதியைச் சொல்ல சால, உறு, தவ, நனி, கூர், கழினு ஆறு சொல் குடுத்திருக்காங்க, பழசுனு நினைக்காதீங்க, உறுதுணைனு இப்பவும் சொல்றோமே, அந்த உறு தான் இது.

இன்னொண்ணு, ஒரே குடும்பத்து வார்த்தைங்கள எல்லாம் ஒண்ணா கட்டி வெச்சிருக்காங்க. காற்று, தென்றல், வாடை, சூறாவளி எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே லிஸ்ட் வருது, அதனால 'பலத்த தென்றல்'னு ஒரு பரிந்துரை. தெற்கேர்ந்து வந்தா தென்றல், வடக்கேர்ந்து வந்தா வாடை, கிழக்கேர்ந்து கொண்டல், மேற்கேர்ந்து கோடைனு திசைக்கு ஒரு பேர் வெச்சு, அந்தப் பேருக்குள்ளயே அதோட குணத்தையும் வெச்சிருக்கோம். தென்றல்னாலே மென்மை உள்ள இருக்கு, பலத்துச்சுனா அது தென்றல் இல்ல. சில பெயர்ச்சொல்லுக்கு அடையே வேணாம், அதையும் ஆப் சொன்னா நல்லாருக்கும்.

லிஸ்ட்ல பாதி '-ஆன'ல முடியறதும் பிரச்சனை. அமைதியான, அழகான, குளுமையான மாலைனு ஒரு தடவை மூணையும் எடுத்துப் போட்டுட்டேன், சத்தமா படிச்சப்ப தான் காதுல ஆன ஆன ஆனனு இடிச்சுது. ரெண்டை எடுத்துட்டு குளுமைய மட்டும் வெச்சேன்.

வேற்றுமை உருபு சேர்ந்தா தேடலே நடக்கல, மழையில்னு போட்டா காலி. இது சின்ன விஷயம், சரி பண்ணிடலாம்.

யாருக்கு உதவும்னா, நல்லா தமிழ் படிச்சு வார்த்தை நாக்கு நுனில நின்னு வராத ஆளுங்களுக்கு, அவங்களுக்கு லிஸ்ட்ல எது உயிரோட இருக்கு எது மொழிபெயர்ப்புனு பாத்ததுமே தெரிஞ்சிடும். இப்ப தான் எழுதக் கத்துக்கற பசங்களுக்கு இப்போதைக்கு குடுக்க மாட்டேன், கனமான மழைய அப்படியே எடுத்து எழுதிடுவாங்க, அப்புறம் அதை மாத்தறது கஷ்டம்.

5க்கு 3 குடுத்திருக்கேன். ஒட்டி வர்ற சொல்லைப் பிரிச்சுப் பாருங்க, எங்கயும் வர்ற 'என்ற' மாதிரி வார்த்தைய லிஸ்ட்லேர்ந்து வடிகட்டறப்ப அதுக்கு முன்னாடி ஒட்டி இருக்கற கணீர், சுள் மாதிரி சொல்லையும் சேர்த்துத் தூக்காதீங்கனு டெவலப்பருக்கு எழுதிருக்கேன், ஏன்னா இப்ப கணீரென்ற குரலும் வரல, சுள்ளென்ற வெயிலும் வரல. அடுத்த அப்டேட்ல வெயில்னு போட்டு முதல் வேலையா சுள்ளென்ற இருக்கானு பாப்பேன், இருந்தா ரேட்டிங்கை மாத்திடறேன்.