சிறப்புக் கல்வி: இணைய வகுப்பா, அனுபவ ஆசிரியரின் பக்கத்தில் இருந்தா?

சிறப்புக் கல்வி, அதாவது மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறையைக் கற்க வரும் பலரும் இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள்.

செலவு: பதிவு செய்த வகுப்பு பெரும்பாலும் மலிவு. நேரில் கற்க, பணத்தைவிட நேரம்தான் அதிகம் போகும்.

வசதி: வீடியோவை இரவிலும் பார்க்கலாம். ஆசிரியரோடு என்றால் பள்ளி நேரம்தான்.

ஆழம்: பெரிய வித்தியாசம் இங்கேதான். பல் துலக்குவதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்க வீடியோவே கற்றுத்தரும். ஆனால் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுப்பது, கைபிடித்து உதவுவதை எப்போது விடுவது என்பதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் பிடிபடும். 1887இல், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத சிறுமி ஹெலன் கெல்லரின் ஒரு கையில் தண்ணீர் விழ, மறு கையில் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக உணர்த்தினார் அவருடைய ஆசிரியை ஆன் சல்லிவன். அதற்கு முன் எத்தனை நாள் விடாமல் முயன்றிருந்தார்!

சரி, யாருக்கு எது? அடிப்படையே புதிது என்றால் முதலில் இணைய வகுப்பு. ஏற்கெனவே குழந்தைகளோடு வேலை செய்பவர் என்றால், இந்த வேலையை உயிராக நேசிக்கும் ஓர் ஆசிரியரிடம் ஒரு மாதமாவது போய் உட்காருங்கள்.