டேங்க் நிரப்பினால் மட்டும் வந்த பெட்ரோல் வாடை: சரிசெய்த பிறகு ஓட்டிய அனுபவம்

காரைக்குடியில் நான் ஓட்டுவது 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். இதில் வந்த பெட்ரோல் வாடையைச் சரிசெய்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் வேறொரு வாடையும் வந்து போனது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. கண்டுபிடிக்க உதவியது என்னவோ ஒன்றுதான்: வாடை எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று கவனித்தது.

எங்கள் வீடு முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிகிற பழைய வீடு. கார் நிற்பது பின் தெருப் பக்கக் கொட்டகையில். இரவு கதவைச் சாத்தினால் காலையில் உள்ளே நெடி அடைத்துக்கொண்டு நிற்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கிவிடும். வெள்ளிக்கிழமை அம்மா வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டுக்கொண்டே கொட்டகை வரை வருவார். முதல் வேலையாக அதை நிறுத்தச் சொன்னேன். "சாமி காரியத்தை நிப்பாட்டச் சொல்றியேப்பா" என்று முணுமுணுத்தார். கொட்டகைக் கதவைத் திறந்தே வைத்து, சுவிட்சைக்கூடத் தொடாமல் பார்த்துக்கொண்டோம்.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் கோளாறு என்றார்கள். சுத்தம் செய்து பில்லும் போட்டார்கள். வாடை அப்படியே இருந்தது. இன்ஜெக்டரின் ஓ-ரிங்கில், அதாவது கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தில், கசிவு வரும் என்பது உண்மைதான். ஆனால் அது பானெட்டுக்குள் அடிக்க வேண்டிய வாடை. எனக்கோ பின் சீட்டில் உட்காருபவர்தான் முதலில் மூக்கைப் பொத்தினார்.

அப்புறம் தேவகோட்டை ரஸ்தா பக்கம் தனியாக வேலை செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பானரை எடுக்கவே இல்லை, கேள்விதான் கேட்டார். "அண்ணே, ஏசியில வெளிக்காத்தை அடைச்சிட்டு ஓட்டிப் பாத்தீங்களா?" பார்த்தேன். வாடை குறையவில்லை, கூடியது. எஞ்சின் பக்கம் கசிந்திருந்தால் வெளிக்காற்றோடுதான் அது உள்ளே வரும், அடைத்தால் குறைய வேண்டும். குறையாததால் கசிவு வண்டியின் உள்பக்கமே இருக்கலாம் என்றார். அடுத்த கேள்வி, டேங்க்கில் எவ்வளவு இருக்கும்போது அடிக்கிறது? அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. டேங்க்கை நிரப்பிக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பினால் திருமயம் தாண்டியும் வாடை இருக்கும். திரும்பி வரும்போது குறைந்துவிடும். பாதி டேங்க்குக்குக் கீழே போனால் வாடையே இருக்காது.

அவர் பின் சீட்டைத் தூக்கினார். அடியில் ஒரு தகரமூடி, அதற்குக் கீழேதான் பெட்ரோல் பம்ப் டேங்க்கின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. பம்ப்பைச் சுற்றிப் படிந்திருந்த செம்மண் தூசி ஒரு பக்கம் மட்டும் நனைந்து கறுத்திருந்தது. டிஷ்யூ பேப்பரால் ஒற்றினால் அந்த இடத்தில் மட்டும் ஈரம். டேங்க்கும் பம்ப்பும் சேரும் இடத்து ஓ-ரிங் காய்ந்து தட்டையாகிவிட்டது. நிறைந்த டேங்க்கில் பெட்ரோல் அலம்பி அந்த ரிங் வரைக்கும் வந்துவிடுகிறது. பாதியானால் எட்டுவதில்லை.

அன்று பிரிக்கவில்லை. கால் டேங்க்குக்கு இறக்கிக்கொண்டு வரச் சொன்னார். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு லைனில் இருந்த அழுத்தத்தை இறக்கினார். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிய பிறகுதான் வேலை. இடம் திறந்தவெளி, பக்கத்தில் தீயணைப்பான். பம்ப் மேலிருக்கும் வளையத்தை இரும்பால் தட்டாமல் மரக்கட்டை வைத்துத் தட்டினார், பொறி பறக்கக் கூடாதே. யூடியூப் பார்த்து வீட்டில் செய்கிற வேலை இல்லை இது என்பது என் கருத்து.

ஓ-ரிங் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஸ்பேர் கடையில் அளவு சரியாக இருக்கிறதே என்று தண்ணீர்க் குழாய்க்கு வருகிற ரப்பர் ரிங்கை வாங்கிவிடாதீர்கள். அது ஈபிடிஎம் என்ற வகை ரப்பராக இருந்தால் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். நான் கம்பெனி ரிங்கே போட்டேன், விலை சில நூறு ரூபாய்தான். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். என் வண்டி அந்தக் கலவைக்கென்று வந்ததல்ல. ரிங் போனதற்கு எத்தனால்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வயதும் எங்கள் ஊர் வெயிலுமே போதும். ஆனாலும் சர்வீஸின்போது சீட்டைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிடச் சொல்கிறேன். இதுவரை ஈரம் எதுவும் தென்படவில்லை.

இரண்டாவது வாடை ஒரு வருடம் கழித்து வந்தது. இது வேறு மாதிரி: பங்க்கில் நிரப்பியதும் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஐடிலில் நடுங்கும், பானெட் பக்கம் நெடி. டேங்க்கில் எழும் ஆவியை ஒரு கரி டப்பா, அதாவது கேனிஸ்டர், பிடித்து வைக்கிறது. பர்ஜ் வால்வு அதைத் தேவையானபோது எஞ்சினுக்கு விடுகிறது. கரண்ட் இல்லாதபோது இந்த வால்வு மூடியிருக்க வேண்டும். கழற்றி வாயால் ஊதினால் காற்று போனது. வால்வை மாற்றியதோடு சரியானது. கேனிஸ்டர் தப்பித்தது. பங்க்கில் கட் ஆஃப் ஆன பிறகும் ரவுண்டாக வரட்டும் என்று மேலும் அடிப்பார்கள் இல்லையா, அப்படிப் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போனால் கரி கெட்டுவிடும், அதன் விலை வால்வு மாதிரி இல்லை. இப்போது முதல் கட் ஆஃபிலேயே "போதும் தம்பி" என்று சொல்லிவிடுகிறேன்.

மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகைக்குழாயில் லேசாக ஒரு வாடை வரும். அது கசிவு இல்லை. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் சற்றுக் கூடுதலாகப் போகும், சூடானதும் நின்றுவிடும். சூடான பிறகும் வாடை வந்தால்தான் பார்க்க வேண்டும்.