நெக்லெக்ட்டா, இக்னோரா?

மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடாத நண்பரை ‘என்னை நெக்லெக்ட் பண்றான்’ என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. அங்கே வர வேண்டியது இக்னோர். இரண்டுக்கும் ‘புறக்கணி’ என்றே பொருள் சொல்லிப் பழகியதால் வரும் குழப்பம் இது. போதாததற்குத் தேர்தல் புறக்கணிப்பிலும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் அது பாய்காட்.

இக்னோர் செய்ய, விஷயம் கண்ணிலோ காதிலோ பட்டிருக்க வேண்டும். தெரிந்தே கண்டுகொள்ளாமல் விடுவது அது. அழைப்பு மணி, டாக்டரின் எச்சரிக்கை, சிவப்பு சிக்னல் எல்லாம் இக்னோர் கணக்கு. நெக்லெக்ட்டுக்குத் தேவை ஒரு பொறுப்பு. பார்த்துக்கொள்ள வேண்டியவர் பார்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வேண்டுமென்றா, சோம்பலா, மறதியா என்பது அப்புறம். குழந்தை, உடம்பு, படிப்பு என்று பராமரிப்பு கேட்கும் எதனோடும் அது சேரும். சுவர் விரிசலில் அரசங்கன்று முளைத்து, வேர் காரையைப் பெயர்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு நெக்லெக்ட்டட் என்பதே பொருந்தும்.

நெக்லெக்ட்டின் கனம் தெரிய வேண்டுமானால் நம் சட்டத்தைப் பார்க்கலாம். வசதி இருந்தும் மனைவி, பிள்ளை, பெற்றோருக்கு ஜீவனாம்சம் தராதவரைப் பற்றிப் பேசிய 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, ‘நெக்லெக்ட்ஸ் ஆர் ரெஃப்யூசஸ்’ என்று இரண்டு வினைகளை அடுத்தடுத்து வைத்தது. ரெஃப்யூஸ் என்றால் ‘தர மாட்டேன்’ என்ற மறுப்பு. அப்படி வாய்திறந்து சொல்லாமல், பேசாமல் காலம் கடத்துகிறவரும் தப்பக் கூடாது. அவரைப் பிடிக்கத்தான் நெக்லெக்ட். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவில் வருவது அபாண்டன். முதியவரை அடியோடு கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போவது அது. மூன்று மாதம் வரை சிறை உண்டு. வீட்டிலேயே வைத்துக்கொண்டு வேளைக்குச் சோறோ மருந்தோ தராமல் விட்டால் அபாண்டன் ஆகாது, நெக்லெக்ட். என்னைக் கேட்டால் இக்னோர், நெக்லெக்ட், ரெஃப்யூஸ், அபாண்டன் என்ற நான்கில் கூர்மையானது நெக்லெக்ட்தான், ஒன்றும் செய்யாமல் இருப்பதையே தவறாகச் சுட்டுகிறது.

சரி, வாக்கியத்தில்? ‘ஹி நெக்லெக்டட் டு லாக் த டோர்’ என்று டு போட்டு இன்னொரு வினையைச் சேர்க்கலாம்: பூட்ட வேண்டியவர் பூட்டாமல் விட்டார். இக்னோரை அப்படி எழுத முடியாது. அதே இடத்தில் ‘ஃபெயில்ட் டு’ போட்டால் பழி சற்று இளகும்; முயன்றும் முடியாமல் போயிருக்கலாம். நெக்லெக்ட் அப்படியே பெயர்ச்சொல்லாகவும் வரும். இக்னோருக்கு இக்னரன்ஸ் என்று பெயர்ச்சொல் போட்டுவிடாதீர்கள், அது அறியாமை.