மதுரையில் ராத்திரி 11 மணிக்கு மேல் பசித்தால்: பல வருட அனுபவம்

வேலை முடிந்து நான் வெளியே வருவதே 11 மணியை ஒட்டித்தான். பல வருடமாக இதே கதை என்பதால் ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் கடையில்தான். மதுரையில் நள்ளிரவில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் எல்லாரும் கடைப் பெயரைச் சொல்வார்கள், நான் முதலில் மணி என்ன என்று கேட்பேன்.

10 மணிக்குள் என்றால் கவலையே இல்லை. சிம்மக்கல் கோனார் மெஸ் கறி தோசை, பன் பரோட்டா, சுக்கா, கோலா உருண்டை எல்லாம் அந்த நேரத்துக்கானவை. பரோட்டா கல்லில் இருந்து நேராக இலைக்கு வரும், சால்னாவில் சோம்பு வாசம் அப்படியே இருக்கும். 11 தாண்டினால் முன்பே போட்டு அடுக்கி வைத்த பரோட்டாதான் திரும்பச் சூடாகி வரும், சால்னாவும் கொதித்துக் கொதித்து மேலே எண்ணெயாக மிதக்கும். அந்த நேரத்தில் பரோட்டா ஆசை வந்தால் கொத்து பரோட்டா சொல்லிவிடுங்கள், அதற்குக் கொஞ்சம் ஆறிய பரோட்டாதான் நன்றாக வரும்.

ஆட்டுக்கறி, குடல், ஈரல் விஷயத்தில் நான் கண்டிப்பு. கூட்டம் குறைந்த கடையில் நள்ளிரவுக்கு மேல் தொடவே மாட்டேன். அப்படிச் சாப்பிட்டு மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடந்திருக்கிறேன், கடைப் பெயர் வேண்டாம்.

12 மணிக்கு மேல் என் ஓட்டு இட்லிக்கு மட்டும்தான். ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அடுப்பில் தட்டு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் நிற்கும்போதே துணியில் இருந்து எடுத்து வைப்பார்கள், பழசாக வழியே இல்லை. மாட்டுத்தாவணி, பெரியார் நிலையம், பெரியாஸ்பத்திரிப் பக்கம் இருக்கும் சின்னக் கடைகளை நம்பலாம். அங்கே சாப்பிடுகிறவர்கள் பஸ் டிரைவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பூ மார்க்கெட் ஆட்கள், நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள். தினம் வந்து நிற்கிற ஆட்களுக்கு ஒரு நாள் மாவு புளித்துப்போனால்கூடத் தெரிந்துவிடும், கேட்காமல் விடமாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது தேங்காய்ச் சட்னி. வெயில் காலத்தில் சாயங்காலம் அரைத்தது நள்ளிரவில் லேசாகப் புளிக்க ஆரம்பித்துவிடும். “அக்கா, தேங்காய்ச் சட்னி எப்ப அரைச்சது?” என்று கேளுங்கள், நல்ல கடை அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார், “காரச் சட்னி வச்சுக்க தம்பி” என்று அவரே சொல்லிவிடுவார். வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்தது அவ்வளவு சீக்கிரம் கெடாது.

10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசு அனுமதித்தது, 2022-ல் அதை நீட்டித்தார்கள். ஆனால் இந்த ஊரில் ராத்திரி உண்மையில் பசியாற்றுவது கணவனும் மனைவியுமாக நடத்தும் கடைகளும் தள்ளுவண்டிகளும். இவர்களுக்கும் அப்படி ஒரு பாதுகாப்பு வேண்டும் என்பது என் ஆசை. அடுப்பை அணைக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடு ஒருவர் இட்லி அவிப்பதைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் ஜிகர்தண்டா. விளக்குத்தூண் பக்கம் போய்க் குடியுங்கள், ஆனால் பரோட்டா, பிரியாணி சாப்பிட்ட கையோடு வேண்டாம். பால், கடற்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்து வயிறு கல்லாகிவிடும், அதைத் தனியாக 8, 9 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்குப் பிடித்தது பருத்திப் பால்தான். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கு ஏலக்காய் தட்டிச் சூடாகத் தருவார்கள். மழை நாளில் வண்டியைப் பார்த்தால் விடாதீர்கள்.

குடும்பத்தோடு வருகிறவர்கள் டவுன்ஹால் ரோடு, மேலமாசி வீதிப் பக்கம் 10 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது, அதற்கு மேல் உட்கார்ந்து சாப்பிட இடம் தேடுவது சிரமம். பார்சல் என்றால் சாம்பாரையும் சட்னியையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள், தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.